ஸ்டீரிங் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை

ஒரு காரைக் கண்ணால் பார்க்காமல் வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டோம் என்றுதான் நினைத்தோம். எஞ்சின் புகை விடுகிறதா, டயர் எப்படி, அடியில் துரு உண்டா, மழைக்கு ஒழுகுமா, பின்பக்கம் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம். ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே புதிதாகத் திறந்திருந்த எஸ்.டி.டி. பூத்தில், மீட்டர் ஓடுவதைப் பார்த்தும் பார்க்காததுபோல, நானும் ரஹ்மத் அக்காவும் மாறி மாறி ரிசீவரைப் பிடுங்கிக் கேட்டோம். மறுமுனையில், புதுச்சேரியில் இருந்த பெரியவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பின்பக்கத்தை டேப் வைத்து அளந்துவிட்டு வந்து மறுபடியும் பேசினார். ஸ்டீரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் நாங்கள் கேட்கவில்லை. யார்தான் கேட்பார்கள்?

நான் அம்பாசமுத்திரத்துக்காரி. கணவருக்குத் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து ஓசூருக்கு வந்தவள். பக்கத்து வீட்டு ரஹ்மத் அக்காவுக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி. அவர் கணவருக்கு அங்கே புளி வியாபாரம். வாரக் கடைசியில் வந்து போவார். அக்காவுக்கும் எனக்கும் சமையலில் கை ஒத்துப்போனது. இருவரும் சேர்ந்து கம்பெனி ஆட்களுக்கு மதியச் சாப்பாடு செய்து அனுப்பிக்கொண்டிருந்தோம். வாடகை ஆட்டோவில் போகும் சாம்பாரில் கால்வாசி ரோட்டுக்குத்தான். இப்படி இருக்கையில், புதிதாகத் திறக்கவிருந்த ஒரு தொழிற்சாலை தன் மொத்த ஆட்களுக்கும் எங்களிடம் சாப்பாடு கேட்டது. ஒரே நிபந்தனை, சொந்த வண்டி வேண்டும். திங்கட்கிழமை முதல் பந்தி. அன்றைக்குத் தவறினால் எடுத்துக்கொள்ளப் பெங்களூர்க் காண்டிராக்டர் ஒருவர் காத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் பேப்பரில் ஒரு வரி விளம்பரம் கண்ணில் பட்டது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கார், பின்பகுதி நீளம், ஒரே கை ஓட்டியது, நல்ல நிலை. அட்வான்ஸுக்கு டிராப்ட் எடுத்து அனுப்பி, மீதிக்கும் பணம் புரட்டினோம். அதற்காக எங்கள் இருவர் கழுத்தும் வெறிச்சோடியதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

என் கணவருக்கு ஒரே கவலை. "ஏ வடிவு, வெளிநாட்டு வண்டிக்கு ஸ்பேர் எங்கன கெடைக்கும்?" என்றார்.

அக்கா வாசலில் நின்றபடியே பதில் சொன்னார். "என்னாங்க தம்பி, ஒசூருல லேத்துப் பட்டறை இல்லாத தெருவு ஏது? கழட்டிக் குடுத்தா அதே மாதிரி கடைஞ்சு குடுத்துடுவாங்கோ."

வெள்ளிக்கிழமை காலை பேருந்து நிலையத்தில் நாங்கள் மூன்று பேராகக் கிளம்பியிருக்க வேண்டும். வண்டியை ஓட்டி வர மாதேஷ் என்ற டிரைவரைப் பேசியிருந்தோம். மாதேஷ் வரவில்லை. தளியில் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணமாம். அவர் தம்பி சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போனார். என் கணவருக்கு அந்த வாரம் லீவு கிடையாது. நான் அக்கா முகத்தைப் பார்த்தேன்.

"ஏறு பஸ்ல. பாண்டிச்சேரியில டிரைவருங்களா இல்ல? ஒருத்தனைப் புடிச்சாந்துடலாம்" என்றார் அக்கா.

என் கைப்பையில் டிரைவிங் லைசென்ஸ் இருந்தது. டிரைவிங் ஸ்கூல் ஜீப்பில், காலி மைதானத்தைச் சுற்றி வந்து வாங்கியது. அதைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

பேருந்தில் எங்களுக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். எனக்குத் தெலுங்கு வராது. அக்காவுக்குத் தமிழ், உருது, கன்னடம், தெலுங்கு நான்கும் வரும். என் காதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார். அந்தப் பெண் சொன்னது இது: "போட்டோவைப் பார்த்துத்தான் சரின்னு சொன்னேன். போட்டோவுல குறட்டை கேக்குமா?" அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களிடம் அந்தக் காரின் போட்டோகூட இல்லை.

செங்கம் தாண்டியதும் பேருந்தின் பெல்ட் அறுந்தது. எல்லோரும் இறங்கிச் சாலையோரப் புளிய மரங்களின் அடியில் உட்கார்ந்தோம். அக்கா உட்காரவில்லை. ஒரு பழத்தை உடைத்து வாயில் போட்டு, "சதை இல்ல, கொட்டைதான்" என்று அந்த மரத்துக்குத் தீர்ப்பு எழுதினார். கூடையில் வேகவைத்த நிலக்கடலை கொண்டுவந்த பெண்ணிடம் ஆளுக்கொரு படி வாங்கினோம். உப்பு அளவாக இருந்தது. அவளிடம் எப்போது உப்புப் போடுகிறாள் என்று விசாரித்தோம். தொழில் புத்தி எங்கே போனாலும் கூடவே வருகிறது.

புதுச்சேரியில் இறங்கியபோது மாலை. ஓசூரில் அந்த நேரத்துக்கு ஸ்வெட்டர் தேடுவோம். இங்கே புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தெருக்கள் நூல் பிடித்ததுபோல நேராக ஓடின. போலீஸ்காரர்கள் தலையில் சிவப்பாக, டப்பா போன்ற தொப்பி. எங்கள் ஊரில் ஷிப்டு முடிந்தால் சங்கு ஊதும். இங்கே மாதாகோயில் மணி அடித்தது. சைக்கிள் கேரியரில் முழ நீள ரொட்டிகளைச் செருகிக்கொண்டு ஒருவர் போனார். அக்கா நின்று, அது தெரு முனையில் திரும்பும் வரை பார்த்தார்.

காரின் சொந்தக்காரர் பெயர் சவரிநாதன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோரும் அவரை 'முசே' என்றார்கள். ஐயா என்பதற்கு அங்கே அதுதான் வார்த்தை. வெள்ளைச் சட்டை, பளபளவென்று ஷூ. எங்களைப் பார்த்ததும் எங்கள் முதுகுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் மரியாதையாகக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்த் தார்ப்பாயை இழுத்தார்.

பாலாடை நிறம். நீண்ட உடம்பு. மூக்கில் ஒரு குட்டிச் சிங்கம். பின்பக்கம் ஒரு சிறிய அறை மாதிரி விசாலமாக இருந்தது. எங்கள் பெரிய அண்டாக்களை வரிசையாக நிறுத்தினாலும் இடம் மிஞ்சும். கண்ணால் பார்க்காமல் வாங்கியது வீண்போகவில்லை என்று நினைத்த அதே நொடியில் அக்கா வலப்பக்கக் கதவைத் திறந்தார்.

"வடிவு, ஸ்டீரிங்கைக் காணோம்!"

முசே பதறிப் போய்ச் சுற்றி வந்தார். "இருக்குதே மதாம்! இந்தப் பக்கம் பாருங்க. பிரெஞ்சுக் கார்னு சொன்னேனே. அங்க எல்லாம் இடப்பக்கம்தானே?"

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அவருக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை, எங்களுக்கு அது கேட்கவேண்டிய விஷயமாகத் தோன்றாததுபோல. விஷயம் விளங்கியதும் அவர் முகம் வாடிவிட்டது. வேண்டாமென்றால் அட்வான்ஸை அப்படியே திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்னார். காலையில் பதில் சொல்கிறோம் என்று ஒரு லாட்ஜுக்கு வந்துவிட்டோம்.

சனிக்கிழமை விடிந்ததும் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போனோம். ஓசூர் வரை ஓட்ட ஆள் கிடைக்குமா என்றதற்கு நாலைந்து பேர் முன்வந்தார்கள். எந்த வண்டி என்றதும் எல்லோரும் பின்வாங்கினார்கள். "முசே வண்டியா? இடது கையால சோறு திங்கறாப்பல இருக்குமே, எனக்கு வேணாம்பா" என்றார் ஒருவர். இன்னொருவர் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு டீ வாங்கிக் கொடுத்தார். டீ நன்றாக இருந்தது. பரிதாபம்தான் எனக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை.

"அக்கா, நான் ஓட்டுதேன்" என்றேன்.

அக்கா டீ கிளாசைக் கீழே வைத்தார். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். "நேத்தே நீ சொல்லுவேன்னு பாத்தன்" என்றார்.

முசே சம்மதிக்கவில்லை. விற்கத்தான் வைத்திருந்தார், ஆனாலும் வண்டி ஏதாவது புளிய மரத்தில் மோதி நிற்பதாகத் தான் கேள்விப்படக் கூடாது என்றார். "ஓட்டிக் காட்டுங்க. எனக்கு நம்பிக்கை வந்தா சாவி. இல்லேன்னா உங்க பணம்." கடற்கரைச் சாலை காலையில் காலியாக இருந்தது. அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். அக்கா எனக்கு வலப்பக்கம். அவர் பிஸ்மில்லா சொன்னார், நான் முருகா என்றேன். எஞ்சின் ஒரு பூனை மாதிரி மெதுவாக உறுமியது.

ஜீப்பில் கியர் இடது கைக்கு இருந்தது. அந்தப் பழக்கத்தில் என் இடது கை கியரைத் தேடிப் போய், கதவின் பிடியைப் பிடித்து இழுத்தது. கதவு திறந்துகொண்டது. நடைப்பயிற்சிக்கு வந்த இருவர் ஒதுங்கி நின்றார்கள். இரண்டாம் முறை வண்டி குதித்து அணைந்தது. மூன்றாம் முறையும்தான். பின்னால் முசே பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தார். எங்கள் நான்கு மொழிக்குள் அது வரவில்லை, அதுவும் நல்லதுதான்.

நான் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். கியருக்கு வலது கை மட்டும்தான் என்று வாய்விட்டு எனக்கே சொன்னேன். வண்டி நகர்ந்தது. ஜீப்பில் ஓட்டிப் பழகியது கொஞ்சம் என்பதால் மறக்கவேண்டியதும் கொஞ்சமாகத்தான் இருந்தது. ஆனால் முன்னால் ஒரு மாட்டு வண்டி போய்க்கொண்டிருந்தது. அதைத் தாண்டி என்ன வருகிறது என்று என் இடத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. வண்டியின் பின்பலகையும் வைக்கோலும்தான் தெரிந்தன.

"எனக்குத் தெரியுதே" என்றார் அக்கா. "இங்கிருந்து ரோடு பூரா தெரியுது. ஒருத்தரும் இல்ல. போ."

போனேன். மாட்டு வண்டியைத் தாண்டி, திரும்பி வந்து, முசே வீட்டுக் குறுகலான கேட்டுக்குள் வண்டியைப் பின்பக்கமாகவே ஏற்றி நிறுத்தினேன். முசே இறங்கி இரண்டு பக்கமும் சுவரைத் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை. அக்கா மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்ததும், சாவியை இரண்டு கையாலும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

அவர் மனைவி எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. அக்கா வெளியில் இறைச்சி சாப்பிட மாட்டார் என்று தெரிந்ததும் மீன் குழம்பு வைத்தார். வெங்காய வடகத்தைக் கிள்ளிப் போட்டுத் தாளித்த வாசனை தெரு வரைக்கும் வந்தது. அந்த நீள ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டோம். "இதுல என்ன ஏத்தப் போறீங்க?" என்று கேட்டார் முசே. சோறும் சாம்பாரும் என்றேன். "நல்லது. கடற்கரைக்கும் மாதாகோயிலுக்கும் போய் வந்ததைத் தவிர நான் இதை ஒரு வேலைக்கும் உபயோகப்படுத்தல" என்றார். கிளம்பும்போது அவர் வாசலுக்கு வரவில்லை. அந்த அம்மாள்தான் ஒரு பை நிறைய வடகம் கொடுத்து அனுப்பினார்.

எல்லைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். புதுச்சேரியிலிருந்து வருகிற வண்டி என்றால் பாட்டில் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. காவலர் வலப்பக்கம் வந்து அக்காவிடம் லைசென்ஸ் கேட்டார். அக்கா என்னைக் காட்டினார். அவர் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து, வந்த வேகத்தில் எதற்கு வந்தோம் என்பதை மறந்து ஸ்டீரிங்கையே பார்த்தார். பிறகு பின்கதவைத் திறந்து பையில் கையை விட்டார். முகர்ந்ததும் கையை உதறினார். "என்னம்மா இது?" வடகம் என்றோம். இன்னொரு காவலர் ஓடி வந்து, "எங்க வீட்லயும் தாளிப்பாங்க சார், விடுங்க" என்று எங்களைக் காப்பாற்றினார்.

தாண்டுவதுதான் பெரும்பாடு. முன்னால் லாரி போனால் எனக்கு லாரியின் முதுகு, அக்காவுக்கு உலகம். அவர் சொல்லவேண்டும், நான் செய்யவேண்டும். சிக்கல் என்னவென்றால், பயம் வந்தால் அக்காவுக்குத் தமிழ் போய்விடும். திண்டிவனத்துக்கு முன்னால் ஒரு பேருந்து எதிரே வந்தபோது "பேடா பேடா!" என்று அலறினார். கன்னடத்தில் வேண்டாம் என்று அர்த்தம். எனக்கு அது 'போடா போடா' என்று கேட்டது. நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். எப்படியோ ஒதுங்கினோம். ஓரமாக நிறுத்தி, இருவரும் தண்ணீர் குடித்துவிட்டு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். இனிமேல் இரண்டே வார்த்தை. 'போ', 'இரு'. வேறு எந்த மொழிக்கும் இந்த வண்டியில் இடமில்லை.

செஞ்சியில் ஒரு டீக்கடை மொத்தமும் எழுந்து நின்றது. அக்கா அப்போது வலப்பக்க இருக்கையில் சாய்ந்து, இரண்டு கையாலும் கடலை உரித்துக்கொண்டிருந்தார். கார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "அந்தம்மா கைய விட்டுட்டு ஓட்டுது பாரு!" என்று ஒருவர் கத்தினார். அக்கா அவரைப் பார்த்து ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

அன்றைக்குத் திருவண்ணாமலையில் தங்கினோம். லாட்ஜ் வாசலில் நின்ற காரைப் பார்க்க நான் இரண்டு தடவை கீழே இறங்கினேன். இரண்டாம் தடவை அக்கா ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறிய நேரத்தில் சாமல்பட்டி ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று ஆடி அசைந்து போனது. கேட் திறந்தபோது எங்கள் கார் கிளம்பவில்லை. மூக்குச் சிங்கத்துக்குப் பின்னாலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. பின்னால் நின்ற அத்தனை வண்டிகளும் ஹாரன் அடித்தன. கல்லாவிச் சந்தையில் மாடு விற்றுவிட்டு வந்தவர்களாம், டெம்போவிலிருந்து குதித்து வந்து தள்ளினார்கள். தள்ளிக்கொண்டே அக்காவை அதட்டினார்கள்.

"ஏம்மா, கிளச்ச மிதி! ஸ்டீரிங்க ஒடி!"

அக்கா வெறுங்கையை விரித்துக் காட்டினார். "என்னாத்த மிதிக்கறது? எங்கிட்ட ஒன்னுமே இல்ல சாமி!"

அவர்கள் அப்போதுதான் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்த சிரிப்பில் தள்ளுவதையே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஓரமாக ஒதுக்கி, பானெட்டைத் திறந்து, ஆவி அடங்கும்வரை காத்திருந்தேன். ரேடியேட்டரிலிருந்து போகும் ரப்பர்க் குழாயின் கிளிப் தளர்ந்து, அந்த வழியாகத் தண்ணீர் ஒழுகியிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் இல்லை. ஒரு நாலணாக் காசை அதன் பள்ளத்தில் வைத்துத் திருகினேன். இறுகியது. மாட்டுக்காரர்கள் பம்புசெட்டிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. அவர்கள் கை தட்டினார்கள். ஓசூரில் லேத் ஓட்டுகிற எத்தனையோ பேருக்குச் சோறு போட்டிருக்கிறேன். என் கையால் ஒரு எஞ்சினைச் சரிசெய்தது அன்றைக்குத்தான். அந்தச் சந்தோஷத்தை வெளியில் காட்டாமல் கொஞ்ச தூரம் ஓட்டினேன். பிறகு முடியவில்லை. சத்தம் போட்டுச் சிரித்தேன்.

பாரூரில் அக்காவின் பெரிய அக்கா வீட்டில் மத்தியானம். ஏரி நிறைந்து கிடந்தது. கால்வாயை ஒட்டி நெல்லும் கரும்பும் கண்ணுக்கு எட்டுகிற வரை பச்சை. எங்கள் தாமிரபரணிக் கரைப் பச்சைக்கு ஒரு மாற்றும் குறைவில்லை. அம்பாசமுத்திரத்தில் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார்கள். சாப்பாடு முடிந்ததும் அந்த வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் காரில் ஏறிக்கொண்டார்கள். ஏரிக்கரையில் ஒரு நடை போய்வந்த பிறகுதான் எங்களை விட்டார்கள்.

கிருஷ்ணகிரியில் அக்காவின் கணவர் மண்டி வாசலில் மூட்டைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். கார் வந்து நின்றதும் அவரும் வலப்பக்கம்தான் வந்தார். அங்கே தன் மனைவி உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் கோணி ஊசி கையிலேயே நின்றுவிட்டது. எல்லாக் கதையையும் கேட்டு முடித்துவிட்டு, "மேலுமலை ஏத்தம் இருக்குது. லாரிங்க ஜாஸ்தி. நான் கூட வரட்டா?" என்றார்.

"வேணாங்க. ரெண்டு மூட்டை புளி ஏத்துங்க. வண்டி கனமா இருந்தா ரோட்டப் புடிச்சு ஓடுது" என்றார் அக்கா.

அவர் மண்டியிலேயே நல்ல புளியாகப் பார்த்து இரண்டு மூட்டையைத் தாமே தூக்கி வைத்தார்.

மேலுமலை ஏற்றத்தில் இரும்புச் சுருள் ஏற்றிய லாரிகள் நடந்துபோகிறவனைவிட மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, கரும்புகையோடு. பின்னாலேயே போனால் எங்கள் எஞ்சின் மறுபடி சூடேறும். ஏற்றத்தில் நின்றால் கிளப்புவது கஷ்டம். தாண்டியே தீரவேண்டும்.

"இரு" என்றார் அக்கா. ஒரு பேருந்து எதிரே இரைந்துகொண்டு இறங்கிப் போனது. "இரு." இரண்டு லாரி. "இரு, இரு." என் வலது கை கியரின் மேல் வேர்த்தது. அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"போ!"

முழு வேகத்தில் வலப்பக்கம் எடுத்தேன். முதல் லாரியைத் தாண்டினோம். அதற்கு முன்னால் இன்னொரு லாரி முட்டிக்கொண்டு போயிற்று. நடுவில் நுழைய இடமில்லை. வளைவிலிருந்து ஒரு வேன் திரும்பி எதிரே வந்தது. அது எனக்கே தெரிந்தது. அக்காவுக்கு எல்லா மொழியும் வாய் வரை வந்திருக்கும். அவர் அலறவில்லை. வலது கையை ஜன்னலுக்கு வெளியே முழுதாக நீட்டி, எதிரே வந்த வேனை நிற்கச் சொல்லிக் கையமர்த்திக்கொண்டே, "போ வடிவு. போ. போ. போ" என்று சாம்பாருக்கு உப்புச் சொல்கிற குரலில் சொன்னார். வேன் வேகம் குறைத்தது. நான் இரண்டாவது லாரியைத் தாண்டி இடப்பக்கம் வந்து சேர்ந்தேன். கடந்துபோன வேன்காரர் கன்னடத்தில் ஏதோ திட்டினார். அர்த்தம் கேட்டேன். "நம்மள நல்ல டிரைவருன்னு சொல்றான்" என்றார் அக்கா.

உச்சிக்கு வந்ததும் முன்னால் ரோடு காலியாக இருந்தது. சூளகிரி மலைகள் ஒரு பக்கம் நின்றன. காற்றில் ஓசூரின் குளிர் தெரிந்தது. என் பாதம் ஆக்ஸிலேட்டரிலிருந்து எழவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே எங்கள் தெருவுக்குள் நுழைந்து ஹாரன் அடித்தேன். என் கணவர் ஓடி வந்து, காரைச் சுற்றி, ஸ்டீரிங்கைப் பார்த்து, என்னைப் பார்த்து, "ஏ, நீயா ஓட்டிட்டு வந்த? அங்கன இருந்தா?" என்றார். ஒரு துணியை எடுத்து வந்து கார் முழுக்கப் படிந்திருந்த தூசியைத் துடைக்கத் தொடங்கினார்.

திங்கட்கிழமை. அண்டாக்களைக் கயிறு போட்டுக் கட்டிப் பின்பக்கம் ஏற்றினோம். சோறு, சாம்பார், ரசம், பீன்ஸ் பொரியல், அப்பளம். மதியச் சங்கு ஊதுவதற்கு முன்பாகவே தொழிற்சாலை கேட்டில் நின்றோம். ஒரு சொட்டு சாம்பார் சிந்தவில்லை. வரிசையில் நின்றவர்களில் மதுரைப் பேச்சு, சேலத்துப் பேச்சு, தெலுங்கு, கன்னடம் எல்லாம் கேட்டது. சாப்பிட உட்கார்ந்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. மேலதிகாரி ஒருவர் வந்து ரசத்தை இரண்டாம் முறை வாங்கிக் குடித்தார். நாளைக்கும் இதே நேரம்தானே என்று கேட்டார். இதே நேரம்தான் என்றேன். அந்தப் பெங்களூர்க் காண்டிராக்டர் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்ததாகக் காவலாளி பிறகு சொன்னார். நாங்கள் பந்தி போட்டு முடிக்கும்வரை இருந்துவிட்டுப் போனாராம்.

காலி அண்டாக்களை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். தொழிற்பேட்டையின் பின்பக்கம், மனை பிரித்து இன்னும் கட்டடம் எழும்பாத அகலமான புது ரோடு ஒன்று உண்டு. ஆள் நடமாட்டமே இருக்காது. அங்கே வந்ததும் அக்கா, "நிறுத்து" என்றார். 'போ'வும் இல்லை, 'இரு'வும் இல்லை. நிறுத்தினேன்.

அவர் இறங்கிச் சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்தார். முக்காட்டை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நவுரு" என்றார். "எனக்குங் காட்டு."

நான் வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். அக்கா செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, வெறுங்காலால் மூன்று பெடல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிஸ்மில்லா என்றார். வண்டி குதித்தது, பின்னால் அண்டாக்கள் எல்லாம் ஒன்றோடொன்று மோதி முழங்கின, எஞ்சின் அணைந்தது. அக்கா மறுபடியும் சாவியைத் திருப்பினார். இந்தத் தடவை வண்டி மெதுவாக, நேராக, ரோட்டில் ஊர ஆரம்பித்தது. செருப்பு பின்னால் ரோட்டிலேயே கிடந்தது. நான் அவரிடம் அதைச் சொல்லவில்லை. ரோடு முழுவதும் காலியாக எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"போங்கக்கா" என்றேன்.